கடலடியில் கிடந்த மண் வயலாவதில் உப்பு மட்டும்தான் சிக்கலா? (கொரியா, சேமங்கும்)

சிவில்சேகர்
வணக்கம் நண்பர்களே. கொரியாவின் மேற்குக் கரையில் இருக்கும் சேமங்கும் கடல் தடுப்பைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1991-இல் வேலை தொடங்கி, 2006 ஏப்ரலில் கடைசி இடைவெளியை அடைத்து, 2010-இல் திறந்துவைத்தார்கள். நீளம் 33.9 கி.மீ. உள்ளே நிலமும் ஏரியுமாகச் சுமார் 400 சதுர கி.மீ. சிக்கியிருக்கிறது. கட்டுமானம் எனக்குப் புரிகிறது, என் தொழிலே அதுதான். மண்தான் புரியவில்லை.

அங்கே வருடத்துக்கு 1,200 முதல் 1,300 மி.மீ. வரை மழை. பத்து வருடத்தில் 12 மீட்டர் தண்ணீர். இவ்வளவு ஊற்றினால் எந்த உப்பும் கரைந்து போயிருக்க வேண்டாமா? ஆனால் 2023 ஆகஸ்டில் அங்கே நடந்த சாரணர் ஜாம்போரி படங்களைப் பாருங்கள். கூடாரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டுகளைப் போட்டிருக்கிறார்கள், சுற்றிலும் தண்ணீர் நிற்கிறது. தடுப்பு கட்டிப் பதினேழு வருடம் ஆகியும் இந்த நிலைமை ஏன்?

பனைவெல்லம்
பேசாமல் உப்பளம் போட்டிருக்கலாம். தண்ணீர் நிற்கிறது, உப்பு இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் 😀

கிம்ச்சிசாம்பார்
@சிவில்சேகர் சார், நான் இங்கே மண் ஆய்வுக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜாம்போரி. அந்த இடம் விவசாய நிலமாகத் திட்டமிட்டு மேடாக்கியது. நெல்வயலுக்குத் தோதாகச் சரிவே இல்லாமல் சமன் செய்திருந்தார்கள். அங்கே தண்ணீர் நின்றதற்கு ஒரு காரணம் அது. இன்னொரு காரணம் மண்ணுக்குள்ளே இருக்கிறது, உங்கள் கேள்விக்கான பதிலும் அதுதான்.

உங்கள் 12 மீட்டர் கணக்கு தப்பில்லை. ஒரு மீட்டர் ஆழ மண்ணுக்குள் ஒரு மீட்டர் தண்ணீர் இறங்கி வெளியேறினால், கரையும் உப்பில் முக்கால்வாசிக்கு மேல் போய்விடும் என்பது பழைய விதி. ஆனால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கீழ் வழியாக வெளியேற வேண்டும். மேலே நின்று ஆவியாவதும் பக்கவாட்டில் ஓடி வாய்க்காலில் விழுவதும் கணக்கில் சேராது. சேமங்குமில் பெரும்பகுதித் தண்ணீர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறது.

ஏன் இறங்குவதில்லை? களி அதிகம் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. மாங்யோங், தோங்ஜின் ஆறுகளின் முகத்தில் படிந்த மண் இது. பெரும்பகுதி மிக நுண்ணிய மணலும் வண்டலும். களி பல இடங்களில் பத்து சதவிகிதம்கூட இல்லை. கனிமம் பார்த்தால் குவார்ட்ஸ், பெல்ஸ்பார், கொஞ்சம் மைக்கா. களிப்பகுதியில் இல்லைட் முதலிடம், பிறகு குளோரைட், கேயோலினைட். இவையெல்லாம் களிக் கனிம வகைகள். நீர் பட்டால் வீங்கும் வகையான ஸ்மெக்டைட் சொற்பம். கையில் உருட்டினால் ரிப்பன்கூட வராது, உடைந்துவிடும். பார்த்தால் சாதுவான மண். படுத்தி எடுப்பது இந்தச் சாதுதான்.

காரணம், இல்லைட் வீங்காது, சுருங்காது. அதனால் காய்ந்தாலும் பெரிதாக வெடிப்பு விழாது. வெடிப்பு இல்லையென்றால் தண்ணீர் இறங்க வழி இல்லை. அதே இல்லைட், சோடியம் ஏறிய நிலையில், தண்ணீரில் கலைவதற்கு ஸ்மெக்டைட்டை விடச் சுளுவு. சோடியம் ஏறிய ஸ்மெக்டைட் திரண்டு படிய லிட்டருக்குப் பன்னிரண்டு மில்லிமோல் அளவில் உப்பு போதும். இல்லைட்டுக்கு நாற்பது, ஐம்பது வேண்டும். மழை விழுந்து உப்பின் அடர்த்தி அந்த அளவுக்குக் கீழே இறங்கியதும் இருக்கிற கொஞ்சம் களியும் கலைந்து வண்டலின் இடுக்குகளில் போய் அடைத்துக்கொள்கிறது. மேல் ஐந்து சென்டிமீட்டர் சிமெண்ட் பூசியதுபோல் ஆகிவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், மழை உவரை எடுக்கிறது, களரை விட்டுவிட்டுப் போகிறது. உவர் என்பது நீரில் கரையும் உப்பு, களர் என்பது களியில் ஒட்டிக்கொண்ட சோடியம்.

சிவில்சேகர்
> மழை உவரை எடுக்கிறது, களரை விட்டுவிட்டுப் போகிறது

அப்படியானால் உப்பு இருக்கும்போது மண் நன்றாகத்தான் இருந்ததா? உப்பு போகப் போக மோசமாகிறதா? நம்பவே முடியவில்லையே.

கிம்ச்சிசாம்பார்
ஆய்வுக்கூடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம் சார். எக்ஸ்.ஆர்.டி.க்கு, அதாவது எக்ஸ் கதிரால் கனிமங்களை அடையாளம் காணும் சோதனைக்கு, களியைப் பிரிக்கும்போது முதலில் உப்பைக் கழுவ வேண்டும். கழுவாமல் வைத்தால் உப்பின் சிகரம் 31.7 டிகிரியில் கொம்பு மாதிரி நிற்கும், பக்கத்தில் எதுவும் தெரியாது. அதனால் மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, மையவிலக்கியில் சுற்றி, மேல் நீரைக் கொட்டுவோம். முதல் சுற்றில் மேல் நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், மண் அடியில் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். அடுத்த சுற்றிலும் அப்படியே. அப்புறம் ஒரு சுற்றில் திடீரென்று தெளியாது. குழாய் முழுக்கப் பழுப்புப் பால். எவ்வளவு நேரம் சுற்றினாலும் மேலே ஒரு கலங்கல் நிற்கும். நீரில் உப்பு குறைந்ததும் களித் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அந்தக் குழாயில் ஒரு சிட்டிகை கால்சியம் குளோரைடு போட்டுப் பாருங்கள், கண்ணெதிரே திரண்டு கீழே இறங்கும்.

வயலில் மழைக்குப் பிறகு நடப்பதும் இதுவேதான். கால்சியம் போட ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாகைக்காரன்
அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். 2004 சுனாமியில் எங்கள் பக்கம் வயலெல்லாம் கடல் ஏறியது. மேலே படிந்த சேற்றைச் சுரண்டி எடுத்தோம், ஜிப்சம் போட்டோம், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். 2005 வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது. பிறகு பெரும்பாலான வயல்கள் நெல்லுக்குத் திரும்பிவிட்டன. நம்மால் முடிந்தது கொரியாக்காரனால் ஏன் முடியவில்லை?

களர்பூமி
தம்பி, நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நாகை மண்ணையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்வது வேறு கதை.

சுனாமித் தண்ணீர் உங்கள் வயலில் நின்றது கொஞ்ச காலம். அந்த மண் அதற்கு முன்னால் எத்தனையோ காலமாக நன்னீர் குடித்து வளர்ந்தது. களித் துகளில் அயனிகள் ஒட்டும் இடங்களை இருக்கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் கால்சியம் உட்கார்ந்திருந்தது, சோடியம் வந்து பாதியை எழுப்பிவிட்டது. மழை வந்ததும் மீதிக் கால்சியமும் நீங்கள் போட்ட ஜிப்சமும் சேர்ந்து அதைத் துரத்திவிட்டன. போதாததற்கு டெல்டாக் களியில் ஸ்மெக்டைட் வகை அதிகம். கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். தண்ணீர் தானாகவே இறங்கும்.

சேமங்கும் மண் பிறந்ததே கடலில். கடல் நீரில் ஒரு கிலோவுக்குச் சோடியம் 10.8 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம்தான். அந்த விகிதத்தில் ஊறிய களியில் எந்த இருக்கையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ரோட்டர்டாம்ராஜி
நெதர்லாந்தில் இருந்து எழுதுகிறேன். கடலை நிலமாக்குவதில் இவர்களைக் கேட்காமல் எப்படி? பிளெவோலாந்தில் சேற்றின் மேல் விமானத்தில் இருந்து நாணல் விதை தூவினார்கள். நாணல் வேர் தண்ணீரை உறிஞ்சிச் சேற்றைக் காயவைத்தது, காற்று உள்ளே போனது, வெடிப்பு விழுந்தது. சில வருடம் கழித்து நாணலை அழித்துக் கடுகு இனப் பயிரும் கோதுமையும் போட்டார்கள். முதல் சில வருடம் அரசே பயிர் செய்து, பிறகுதான் விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. இன்று ஐரோப்பாவின் நல்ல நிலங்களில் அதுவும் ஒன்று. கொரியாவில் இதைச் செய்தால் என்ன?

களர்பூமி
அம்மா, அந்த ஒப்பீடு சரியாக வராது. பிளெவோலாந்து இருக்கும் சைடர்சே (தெற்குக் கடல்) வளைகுடாவை அடைத்தது 1932-இல். அதன்பிறகு அது நன்னீர் ஏரி. கிழக்கு பிளெவோலாந்தை இறைத்து முடித்தது 1957-இல். நடுவில் இருபத்தைந்து வருடம் ஐசெல் ஆற்றின் தண்ணீர் மேலே நின்றது. வயலாகும்போதே உப்பு பாதி போய்விட்டது. ஒப்பிட வேண்டுமானால் 1930-இல் அடைப்புக்கு முன்பே கடலில் இருந்து நேராக இறைத்த வீரிங்கர்மேரை எடுங்கள்.

ரோட்டர்டாம்ராஜி
வீரிங்கர்மேரும் நல்ல நிலம்தானே ஐயா? 1945-இல் ஜெர்மானியர்கள் அணையை உடைத்து மூழ்கடித்த பிறகும் மீண்டு வந்ததே.

கிம்ச்சிசாம்பார்
இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் முக்கியமான ஆளை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். சுண்ணாம்பு.

டச்சுக் கடல்சேற்றில் சிப்பித்தூளும் நுண்ணிய கால்சைட்டும் (சுண்ணாம்புக் கனிமம்) தாராளமாக இருக்கின்றன. அந்த மண் தன் மருந்தைத் தானே மடியில் கட்டிக்கொண்டு வருகிறது. சுண்ணாம்பு பி.எச். 8-இல் கரையாதே என்று கேட்பீர்கள். இங்கேதான் வேடிக்கை. கடல்சேற்றில் காற்று புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டை ஒடுக்கி, இரும்போடு சேர்த்துப் பைரைட் ஆக்கி வைத்திருக்கும். சேற்றின் கருநிறத்தில் பாதி இந்த இரும்பு சல்பைடுகளால் வருவது. தண்ணீரை வடித்ததும் காற்று பட்டுப் பைரைட் கந்தக அமிலமாகிறது. அமிலம் சுண்ணாம்பைத் தின்று ஜிப்சமாகிறது. ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைத் தள்ளுகிறது. யாரும் மூட்டை பிரிக்காமலே மண்ணுக்குள் ஜிப்சம் ஆலை ஓடுகிறது. நாணல் வேர் காற்றை உள்ளே கொண்டுபோனதன் மகிமையும் இதில் சேரும்.

மஞ்சள் கடலின் இரண்டு கரைகளை வைத்தே இதைப் பார்க்கலாம். சீனாவின் ஜியாங்சு கரையில் 1855 வரை ஏழு நூற்றாண்டுக்கு மேல் மஞ்சள் ஆறு வந்து விழுந்தது. லோயஸ் எனும் காற்றில் படிந்த வண்டல் மண்ணை வாரிக்கொண்டு வரும் ஆறு, அதனால் அந்தச் சேற்றில் கால்சைட் உண்டு, ஸ்மெக்டைட்டும் ஒப்பீட்டில் அதிகம். கொரிய ஆறுகள் கிரானைட், நைஸ் மலைகளில் இருந்து வருபவை, சுண்ணாம்பு மிகக் குறைவு. கடல் ஒன்று, அலை ஒன்று, கரைதான் வேறு. கொரியாவில் ஜிப்சத்தை வெளியில் இருந்து கொண்டுவந்து கொட்டாமல் வேலை நடக்காது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நெல்மணி_எம்எஸ்சி
அக்கா, பைரைட் நல்லது என்கிறீர்களே. எங்கள் வகுப்பில் குட்டநாட்டுக் கரி மண்ணைச் சொல்லி, பைரைட் என்றாலே எமன் என்று படித்தோம்.

கிம்ச்சிசாம்பார்
பாதி எமன், பாதி வைத்தியன். எடையில் ஒரு பங்கு பைரைட்டின் அமிலத்தை அடக்க 1.67 பங்கு சுண்ணாம்பு வேண்டும். மண்ணில் அதற்கு மேல் சுண்ணாம்பு இருந்தால் ஜிப்சம் கிடைக்கும், பி.எச். அசையாது. குறைந்தால் கதை கந்தல். ஒரு சதவிகிதப் பைரைட் உள்ள மண்ணில், மேல் இருபது சென்டிமீட்டருக்கு மட்டும், எக்டேருக்கு 47 டன் சுண்ணாம்பு தேவைப்படும். எந்த விவசாயி போடுவான்?

குட்டநாட்டில் நடப்பது இந்தக் கந்தல்தான். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலம், மட்கிய மரத்துண்டுகள் நிறைந்த கருமண், சுண்ணாம்பு இல்லை. காய்ந்தால் பி.எச். 4-க்கும் கீழே இறங்கி, அலுமினியமும் இரும்பும் கரைந்து நெல்லின் வேரைக் கருக்கும். அதனால்தான் அங்கே விதைப்புக்கு முன் சிப்பிச் சுண்ணாம்பு போடுகிறார்கள், வயலை ரொம்ப நாள் காயவும் விடமாட்டார்கள். நெதர்லாந்திலேயே 1852-இல் இறைத்து முடித்த ஹார்லெம் ஏரியின் அடியிலும் சுண்ணாம்பு இல்லாத திட்டுகள் வெளிறிய மஞ்சள் புள்ளிகளோடு மலட்டு நிலமாக நின்றன. அந்த மஞ்சள், ஜாரோசைட் எனும் அமில மண்ணின் இரும்புக் கனிமம். கண்ணில் பட்டால் பி.எச். மீட்டரே வேண்டாம். கொரியாவிலும் நக்தோங் ஆற்று முகத்தில் கிம்ஹே பக்கம் இதே வகை மண் உண்டு. சேமங்குமில் பெரும்பகுதிக்கு இந்தக் கவலை இல்லை. பைரைட்டும் குறைவு, சுண்ணாம்பும் குறைவு. எமனும் வரவில்லை, வைத்தியனும் வரவில்லை.

பனைவெல்லம்
உப்பளம் ஐடியா இன்னும் செல்லுபடியாகும் என்றே நினைக்கிறேன்.

சிவில்சேகர்
சரி, ஜிப்சம் எவ்வளவு போட வேண்டும்? மண்ணியல் ஆட்கள் "தேவைக்கேற்ப" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். எண்ணாகச் சொல்லுங்கள்.

களர்பூமி
கணக்குப் போடலாம் வாருங்கள். மண்ணின் அயனி மாற்றத் திறன், அதாவது நான் சொன்ன இருக்கைகளின் மொத்த எண்ணிக்கை, கிலோவுக்கு 10 சென்டிமோல் என்று வைப்போம். அதில் சோடியம் 30 சதவிகிதம். அதை 10 சதவிகிதத்துக்கு இறக்க வேண்டும். அதாவது கிலோவுக்கு 2 சென்டிமோல் சோடியத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு சென்டிமோலுக்கு 0.86 கிராம் ஜிப்சம். மேல் இருபது சென்டிமீட்டர் மண் எக்டேருக்குச் சுமார் 28 லட்சம் கிலோ. பெருக்கினால் 4.8 டன், ஏக்கருக்கு இரண்டு டன். இது காகிதக் கணக்கு. வயலில் எல்லா ஜிப்சமும் வேலை செய்யாது, கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராம்கூடக் கரையாது. போட்டதும் உழுது கலந்து, தண்ணீர் கட்டி, வடித்தே ஆக வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது வீண்செலவு. வெளியே வந்த சோடியம் எங்கே போகும்? அதே வயலில்தான் சுற்றும்.

கிம்ச்சிசாம்பார்
ஐயா சொன்னதோடு மக்னீசியத்தையும் சேருங்கள். 1954 அமெரிக்க வேளாண்துறை உவர், களர் மண் கையேட்டில் இருந்து நாம் எடுத்தாளும், மண் களரா என்று பார்க்கும் சோடியம் உறிஞ்சு விகிதத்தில் கால்சியமும் மக்னீசியமும் ஒரே அடைப்புக்குள் கூட்டப்படுகின்றன. இரண்டும் ஒரே வேலை செய்வதுபோல் ஒரு பாவனை. கடல் மண்ணில் மக்னீசியம் கால்சியத்தைவிடப் பல மடங்கு. விகிதம் களர் எல்லையான 13-க்குக் கீழே வந்துவிட்டது என்று காகிதம் சொல்லும், வயலில் தண்ணீர் அப்படியே நிற்கும். மக்னீசியம் ஏறிய இல்லைட் கால்சியம் ஏறிய இல்லைட்டைப்போல் திரளாது. என்னைக் கேட்டால், இந்த மண்ணுக்கு அந்த விகிதத்தை மட்டும் பார்ப்பது அரைக்கண்ணால் பார்ப்பது.

களர்பூமி
இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு அம்மா. மக்னீசியம் சோடியம் அளவுக்குக் கெடுதல் செய்யாது. அதைத் தனிக் குற்றவாளியாக்கினால் ஜிப்சம் கணக்கு இரண்டு மடங்காகும். விவசாயி பாவம்.

கிம்ச்சிசாம்பார்
தனிக் குற்றவாளி இல்லை ஐயா, கூட்டுக் களவாணி. சோடியம் பத்து சதவிகிதத்தில் இருக்கும்போது மீதி இடத்தில் கால்சியம் இருந்தால் மண் தாங்கும், மக்னீசியம் இருந்தால் தாங்காது. களி வகையைப் பொறுத்து எல்லைக்கோடு நகரும் என்பதுதான் என் கட்சி. இருக்கைகளில் சோடியம் 15 சதவிகிதம் தாண்டினால் களர் என்ற ஒரே கோட்டை எல்லா மண்ணுக்கும் போடக்கூடாது.

நெல்மணி_எம்எஸ்சி
எக்ஸ்.ஆர்.டி.யில் குளோரைட்டையும் கேயோலினைட்டையும் எப்படிப் பிரிப்பீர்கள் அக்கா? இரண்டுமே 7 ஆங்ஸ்ட்ராமில் வருகின்றனவே. வைவாவில் இதைக் கேட்பார்கள்.

கிம்ச்சிசாம்பார்
550 டிகிரியில் சூடாக்கு. கேயோலினைட் உடைந்து அதன் 7 ஆங்ஸ்ட்ராம் சிகரம் காணாமல் போகும். குளோரைட்டின் 14 ஆங்ஸ்ட்ராம் சிகரம் நிற்கும், இன்னும் உயரும். ஸ்மெக்டைட் இருக்கிறதா என்று பார்க்க எத்திலீன் கிளைக்கால் ஆவியில் வை, 17-க்கு நகர்ந்தால் இருக்கிறது. இல்லைட் எது செய்தாலும் 10-இலேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் பிடிவாதத்தை ஞாபகம் வைத்துக்கொள், வயலிலும் அதுதான் குணம்.

ரோட்டர்டாம்ராஜி
அப்படியானால் களி மிக அதிகமாக இருந்தால் சுலபமா? ஜப்பானில் இசஹாயா விரிகுடாவை 1997-இல் அடைத்து 2008-இல் விவசாயம் ஆரம்பித்தார்களே.

கிம்ச்சிசாம்பார்
சுலபம் என்று சொல்லமாட்டேன், வேறு மாதிரி கஷ்டம். அரியாகே கடலின் களி ஸ்மெக்டைட் நிறைந்தது, ஆரம்பத்தில் ஆள் இறங்கினால் இடுப்பு வரை இழுக்கும். ஆனால் காய வைத்தால் வெடிக்கும், வெடிப்பு வடிகாலாகும். அங்கே நிலத்தடியில் குழாய் பதித்து, மேலே உமியை நிரப்புகிறார்கள். உமி சீக்கிரம் மட்காது, தண்ணீருக்கு வழி விடும், நெல் நாட்டில் மலிவும்கூட. கொரியாவிலும் உமியை அப்படிப் பயன்படுத்துகிறோம். ஆனால் இங்கே நுண்மணலும் வண்டலும் குழாய்க்குள் புகுந்து அடைக்கும். வடிகட்டி சரியில்லை என்றால் போட்ட காசு போச்சு.

சிவில்சேகர்
வடிகட்டித் துணி விஷயம் எனக்குப் புரிகிற மொழி. குழாய் எத்தனை ஆழத்தில், எத்தனை இடைவெளியில்?

கிம்ச்சிசாம்பார்
ஆழத்தை முடிவு செய்யும்போது மழையை மட்டும் பார்க்காதீர்கள் சார், வசந்த காலத்தையும் பாருங்கள். கொரியாவில் ஏப்ரல், மே வறட்சி, காற்று வேறு. வண்டல் மண்ணில் தண்ணீர் நுண்துளை வழியாக ஒரு மீட்டருக்கும் மேல் ஏறும். மணலில் அவ்வளவு ஏறாது, கனத்த களியில் ஏறினாலும் மெதுவாக ஏறும். வண்டல்தான் மோசம், உயரமும் வேகமும் இரண்டும் உண்டு. அடியில் இருக்கும் உப்புநீர் அப்படியே மேலே வந்து, நீர் பறந்து, வெள்ளையாகப் பூக்கும். கோடை மழை கழுவியதை வசந்தம் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடும். அதனால் குழாய் அந்த ஏற்றத்தைத் தடுக்கும் ஆழத்தில் இருக்க வேண்டும், இடைவெளியும் களி மண்ணுக்குப் போடுவதைப்போல் நெருக்கமாக வேண்டும். எண்ணை வயலில் நீர் புகும் வேகத்தை அளந்த பிறகுதான் சொல்ல முடியும். நெல் போட்டால் மேலே நன்னீர் நிற்பதால் இந்தத் தொல்லை குறைவு. மக்காச்சோளம், தீவனப் புல் என்று மேட்டுப் பயிருக்குப் போகும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். அரசு இப்போது நெல் வேண்டாம், மேட்டுப் பயிர் போடு என்கிறது. மண் அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

நாகைக்காரன்
உரம் எப்படி அண்ணே?

களர்பூமி
அண்ணன் இல்லை தம்பி, அக்கா. மேலே நெல்மணி கூப்பிட்டதைப் பார்க்கவில்லையா?

நாகைக்காரன்
ஐயோ, மன்னிச்சுக்குங்க அக்கா 🙏

கிம்ச்சிசாம்பார்
பரவாயில்லை தம்பி, பேரைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. உரத்தில் பொட்டாஷைக் குறைக்கலாம், கடலும் மைக்காவும் ஏற்கெனவே கொடுத்திருக்கின்றன. மட்கு ஒரு சதவிகிதம்கூட இருக்காது, அதனால் தழைச்சத்துப் பஞ்சம். யூரியாவை மேலே தூவினால் பி.எச். 8-இல் அம்மோனியாவாகப் பறந்துவிடும், மண்ணுக்குள் வைக்க வேண்டும். துத்தநாகமும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் தக்கைப்பூண்டு இங்கேயும் உண்டு, அதே செஸ்பேனியா இனம். இந்தக் குளிருக்கும் கோடையில் ஒரு போகம் வளர்ந்துவிடும். வேர் இறங்கிய தடத்தில் தண்ணீர் இறங்கும், அதற்காகவே போடலாம்.

நெல்மணி_எம்எஸ்சி
கடைசியாக ஒன்று. எக்ஸ்.ஆர்.டி. இல்லாத ஊரில் ஒரு கடல்சேற்று மண்ணைக் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

களர்பூமி
மூன்று புட்டி போதும். ஒன்றில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். மண்ணில் சொட்டினால் பொங்கினால் சுண்ணாம்பு உண்டு. இரண்டாவதில் அடர் ஹைட்ரஜன் பெராக்சைடு. ஊற்றிக் கொதிப்பு அடங்கியதும் பி.எச். காகிதம் விடு, 3-க்குக் கீழே போனால் பைரைட் காத்திருக்கிறது. கண்ணாடி, கையுறை இல்லாமல் இதைத் தொடாதே, சீறித் தெறிக்கும். மூன்றாவதில் வெறும் மழைத்தண்ணீர். உலர்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாகப் போட்டு அப்படியே விட்டுவிடு, கலக்காதே. மறுநாள் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கியிருந்தால் ஜிப்சம் மூட்டைக்கு ஆர்டர் கொடு.